பழைய ராணுவக் கவசச் சட்டை: உள்ளே இருப்பது என்ன, இன்றும் தாங்குமா?

புதுச்சேரியில் சொல்தா வீடு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களின் வீடு. அப்படி ஒரு வீட்டைப் பங்கு பிரிக்கும்போதோ, இடித்துக் கட்டும்போதோ பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கும். பதக்கம், சீருடை, பூட்ஸ் ஆகியவற்றோடு கனமான பச்சைநிறக் கையில்லாச் சட்டை ஒன்றும் சில நேரம் கிடக்கும். வேறு வழிகளிலும் இவை கைக்கு வருகின்றன. ஆர்மி சர்ப்ளஸ் என்று சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். பழைய சாமான் வியாபாரிகளிடமும் எப்போதாவது தென்படும்.

கையில் எடுத்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இது இன்னும் குண்டைத் தாங்குமா? உள்ளே இருப்பது இரும்பா, துணியா, ஆஸ்பெஸ்டாஸா? காவலாளிக்குப் போடக் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூடாது. ஏன் கூடாது என்பதற்கு அந்தச் சட்டை எதைத் தடுக்கச் செய்யப்பட்டது, எந்தப் பொருளால் செய்யப்பட்டது, செய்த நாளிலிருந்து எங்கே எப்படிக் கிடந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவது விஷயம் நம் கடற்கரை ஊர்களுக்கு மிக முக்கியம்.

முதலில் சில சொற்கள்

1. தோட்டா: துப்பாக்கிக் குழலிலிருந்து வருவது. வடிவம், எடை, வேகம் மூன்றும் ஏறத்தாழ முன்கூட்டியே தெரிந்தவை.
2. சிதறல்: பீரங்கிக் குண்டு, மார்ட்டர், கையெறிகுண்டு வெடிக்கும்போது தெறிக்கும் உலோகத் துண்டு. வடிவத்துக்கும் அளவுக்கும் கணக்கு கிடையாது.
3. மென்கவசம்: இழையால் நெய்த துணியைப் பல அடுக்காக வைத்துத் தைத்தது. மடங்கும், உடம்போடு ஒட்டும்.
4. தகடு: எஃகு, டைட்டானியம் அல்லது பீங்கானால் ஆன விறைப்பான பாகம். நெஞ்சுக்கும் முதுகுக்கும் தனியாகச் செருகுவது.
5. பின்புறப் புடைப்பு: தோட்டா நின்றுவிட்டாலும் கவசம் உள்பக்கமாகக் குழிந்து உடம்பில் இடிக்கும் ஆழம். அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே., களிமண்மேல் கவசத்தை வைத்துச் சுட்டு இதை அளக்கிறது. 44 மில்லிமீட்டருக்கு மேல் குழிந்தால் கவசம் தேறாது.

கடைசி வரையறையைக் கவனியுங்கள். நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான குழிவு வரைக்கும் தேர்ச்சிதான். கவசம் காப்பாற்றியவருக்கும் விலா எலும்பு முறியலாம், உள்ளே ரத்தம் கட்டலாம். சினிமாவில் வருவதுபோல் சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து நடக்கிற விஷயம் இல்லை.

எதைத் தடுக்கச் செய்தார்கள்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது. அந்தப் போரில் பிரெஞ்சு வீரர்கள் அணிந்தது அட்ரியான் தலைக்கவசம். 1915-இல் வந்தது. அதன் எஃகுத் தகட்டின் தடிமன் வெறும் 0.7 மில்லிமீட்டர். துப்பாக்கித் தோட்டா அதை எளிதாகத் துளைத்துவிடும். இதைச் செய்தவர்களுக்கும் அது தெரியும். பதுங்குகுழிக்கு மேலே வெடிக்கும் குண்டுகளின் சிதறல் தலையில் பாய்வதைக் குறைப்பதே அவர்கள் நோக்கம். அந்த அளவில் அது பல உயிர்களைக் காத்தது.

உடம்புக் கவசத்தின் கதையும் இதே பாதையில்தான் போனது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகளுக்காக மால்கம் குரோ என்ற ராணுவ மருத்துவர் ஒரு கவசச் சட்டைக்கு வழிசெய்தார். கான்வாஸ் துணிக்குள் சிறுசிறு மாங்கனீசு எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அடுக்கித் தைத்தது அது. முதல் சட்டைகளை வாள் செய்யும் வில்கின்சன் சோர்ட் நிறுவனமே தயாரித்தது. தரையிலிருந்து சுடும் விமான எதிர்ப்புக் குண்டின் சிதறலைத் தடுப்பதுதான் அதன் வேலை. கொரியப் போரிலும் வியட்நாமிலும் காலாட்படைக்குக் கொடுத்த சட்டைகளும் சிதறலை மனதில் வைத்துச் செய்தவையே. காரணம் எளிது: அந்தப் போர்களில் காயங்களில் பெரும்பகுதி சிதறலால் வந்தது.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடும் பொருளின் ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்.

1. சிதறல் தடுப்புச் சோதனைக்குப் பயன்படுத்தும் சிறு எஃகுத் துண்டு 1.1 கிராம். விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்தாலும் ஆற்றல் 140 ஜூலைத் தொடாது.
2. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா 8 கிராம், விநாடிக்குச் சுமார் 360 மீட்டர். ஆற்றல் சுமார் 500 ஜூல்.
3. ஏ.கே.-47 தோட்டாவும் ஏறத்தாழ 8 கிராம்தான். வேகம் 715 மீட்டர். ஆற்றல் 2,000 ஜூலுக்கு மேல்.
4. நேட்டோ நாடுகளின் 7.62 மி.மீ. தோட்டா சுமார் 9.5 கிராம், 840 மீட்டர். 3,300 ஜூலைத் தாண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை ஒன்றே, வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. ஏ.கே. தோட்டா மெலிதாகவும் கூர்மையாகவும் இருப்பதால் அந்த ஆற்றல் முழுவதும் சிறிய புள்ளியில் குவிகிறது. முதல் வரிசையில் உள்ளதற்காகச் செய்த சட்டையை மூன்றாவதன் எதிரே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. புதிதாக இருந்தபோதே அது தாங்கியிருக்காது.

நைலானும் கண்ணாடி இழையும்

பழைய அமெரிக்கச் சட்டைகளைப் பிரித்தால் கிடைக்கும் பொருட்கள் மீனவ ஊர்களான தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ இருப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது. தினமும் கையாளும் பொருட்களேதான்.

1951-ஆம் ஆண்டு மாதிரியான அமெரிக்க மரைன் படைச் சட்டையில் டோரான் என்ற தகடுகள் இருந்தன. ராணுவ ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜஸ் டோரியோ என்பவரின் பெயரை வைத்து வந்த பெயர் அது. கண்ணாடி இழைத் துணியைப் பல அடுக்காக வைத்து, ரெசின் என்ற பிசினை ஊற்றி, அழுத்தி இறுக்கியது. தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். சுனாமிக்குப் பின் கடலூர்க் கரை முழுக்க நிறைந்த ஃபைபர் படகின் உடம்பும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். படகில் இழை நெய்யாமல் உதிரியாக, பாய்போல் பரப்பிப் போகும். டோரானில் நெய்த துணியாகப் போகும், அழுத்தமும் மிக அதிகம். சிதறல் பாயும்போது அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துகொடுக்கும். பிரியப் பிரிய ஆற்றல் செலவாகும்.

அதே காலத்துத் தரைப்படைச் சட்டையில் தகடே இல்லை. 1952 மாதிரியில் பன்னிரண்டு அடுக்கு நைலான் துணி மட்டும். வியட்நாம் போரில் பரவலாகப் பயன்பட்ட எம்-69 சட்டையும் நைலான்தான், எடை நான்கு கிலோவுக்குள். மரைன் படையினர் மட்டும் டோரானும் நைலானும் சேர்ந்த 1955 மாதிரியை வைத்திருந்தார்கள். அதை அடையாளம் காண்பது சுலபம். வலது தோளில் துணிக்கு உள்ளே கயிறு வைத்துத் தைத்த மேடு ஒன்று இருக்கும். தோளில் மாட்டிய துப்பாக்கி வார் வழுக்கி விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

நைலான் அடுக்குகளை நேரடியாகச் சட்டைக்குள் வைக்கவில்லை. தண்ணீர் புகாத வினைல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விளிம்பை வெப்பத்தால் ஒட்டி மூடினார்கள். நனைந்த நைலான் வலு இழக்கும் என்பதால். ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து அந்த உறையே முதலில் கெடுகிறது. சில சட்டைகளில் பிசுபிசுப்பாகும், சிலவற்றில் மொறமொறவென்று ஆகி மடிக்கும் இடத்தில் கீறும். கீறிய இடத்தின் வழியே ஈரம் உள்ளே போகும்.

நைலானின் பெரிய எதிரி வெயில். இதை ஆய்வகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மணலில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த பழைய வலையின் ஒரு கண்ணியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் பட்டென்று அறும், விரலில் பொடி ஒட்டும். கண்ணுக்கு அது இன்னும் வலையாகத்தான் தெரியும். சட்டைக்குள் இருக்கும் நைலான் நேரடி வெயில் படாததால் இவ்வளவு வேகமாகக் கெடாது. ஆனால் சூடும் ஈரமும் அதையும் விடுவதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மேலே சொன்ன சட்டைகளில் இருப்பது நைலானும் கண்ணாடி இழையும். கண்ணாடி இழை வேறு, ஆஸ்பெஸ்டாஸ் வேறு. ஆனால் டோரான் தகட்டை அறுத்தால், துளையிட்டால், உப்புத்தாள் போட்டால் கிளம்பும் தூசி தோலை அரிக்கும், மூச்சுக்குழாயைக் குத்தும். ஃபைபர் படகு தேய்ப்பவர்களுக்கு அந்த அரிப்பு நன்றாகத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் பயம் நியாயமாக எழ வேண்டிய இடம் வேறு: அதே டிரங்குப் பெட்டியில் பழைய விஷவாயு முகமூடி இருந்தால். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. விளையாட்டுக்குக்கூட அதைக் குழந்தைகள் முகத்தில் மாட்டவிடாதீர்கள்.

மஞ்சள் இழை: அராமிட்

1965-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் புது மாதிரியான ஒரு கரைசலைத் தயாரித்தார். வழக்கமான கரைசல்போல் தெளிவாகவும் பாகாகவும் இல்லாமல் கலங்கலாகவும் நீர்த்தும் இருந்தது. இதை நூற்கும் இயந்திரத்தில் ஊற்றினால் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்கியவர் முதலில் தயங்கினார். வற்புறுத்தி நூற்றுப் பார்த்தபோது கிடைத்த இழையின் வழியில்தான் கெவ்லர் வந்தது. இந்த வகை இழைகளின் பொதுப் பெயர் அராமிட். ஒரே எடை எஃகோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு வலுவானது என்று டூபாண்ட் சொல்லும்.

இந்தத் துணி தோட்டாவை நிறுத்தும் விதம் இப்படி: தோட்டா முதல் அடுக்கில் படும்போது அந்த இடத்து நூல்கள் இழுபடுகின்றன. அந்த இழுப்பு நூலின் நீளவாக்கில் மிக வேகமாக ஓடுவதால் ஒரு புள்ளியில் விழுந்த அடி அகலமான பரப்புக்குப் பரவுகிறது. அதோடு ஈயத் தோட்டாவின் முனை நசுங்கி அகலமாகிறது. அகலமான முனையை நிறுத்தக் கூடுதல் நூல்கள் சேர்ந்துகொள்கின்றன. சில அடுக்குகள் கிழிந்தாலும் பின்னால் உள்ளவை பிடித்துக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, எஃகுக் கரு உள்ள கூர்மையான ரைஃபிள் தோட்டா நசுங்காது. அதனால் துணிக்கு அது அடங்காது. இரண்டு, கத்தியும் ஊசிமுனையும் நூல்களை விலக்கிக்கொண்டோ அறுத்துக்கொண்டோ உள்ளே போய்விடும். துப்பாக்கிக்கே தாங்குவது கத்திக்குத் தாங்காதா என்று நினைத்து நண்பர்களுக்குள் குத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. கத்தியைத் தடுக்க நெசவே வேறு, சோதனையும் வேறு.

அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் நைலானை விட்டு கெவ்லருக்கு மாறியது. பாஸ்கெட் என்று அழைக்கப்படும் அந்தத் தொகுப்பில் சட்டைக்குப் பதின்மூன்று அடுக்கு, தலைக்கவசத்துக்குப் பத்தொன்பது அடுக்கு. சட்டையின் எடை சுமார் நான்கு கிலோ. பச்சையும் பழுப்பும் கலந்த காட்டு உருமறைப்பு வண்ணத்தில் இன்று விற்பனைக்கு வரும் பழைய சட்டைகளில் பல இவையே. தோற்றம் நவீனமாக இருப்பதால் பலர் இதை ரைஃபிளைத் தாங்கும் கவசம் என்று நம்பி வாங்குகிறார்கள். இதுவும் சிதறல் தடுப்புச் சட்டைதான்.

டைட்டானியமும் பீங்கானும்

சோவியத் ராணுவம் வேறு வழியில் போனது. ஆப்கானிஸ்தான் போரில் அணிந்த 6பி2 சட்டையில் 1.25 மி.மீ. டைட்டானியத் தகடுகள், பின்னால் அராமிட் துணி. இதுவும் சிதறலுக்கும் கைத்துப்பாக்கிக்கும்தான். ரைஃபிளைத் தடுக்கப் பிற்பாடு தடித்த டைட்டானியமும் போரான் கார்பைடு பீங்கானும் வந்தன. எடை ஏறியது.

பீங்கான் என்றதும் தட்டும் கோப்பையும் நினைவுக்கு வரும். இது அந்தக் குடும்பம்தான் என்றாலும் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசைகளில் நிற்கும் பொருள். எஃகுக் கரு கொண்ட தோட்டா இதில் மோதினால் தோட்டாவின் முனை நொறுங்கும். பீங்கானும் கூம்பு வடிவில் நொறுங்கும். நொறுங்கிய இரண்டையும் பின்னால் ஒட்டியிருக்கும் இழைப் பலகை பிடித்துக்கொள்ளும். வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்களுக்கே இப்படிப்பட்ட தகடு கிடைத்தது. நடந்து போகிற வீரருக்கு அன்று அது தாங்க முடியாத பாரம். 1990களின் இறுதியில் வந்த அமெரிக்க இன்டர்செப்டர் கவசத்தில்தான் காலாட்படைக்கு எடை ஓரளவு கட்டுக்குள் வந்தது: போரான் கார்பைடு தகடு இரண்டும் சட்டையும் சேர்த்துச் சுமார் ஏழரைக் கிலோ.

தகட்டின் பின்பலகை பெரும்பாலும் மிகை மூலக்கூறு எடை பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற வணிகப் பெயர்களில் வருவது. வெள்ளையாக, மெழுகுபோல் வழவழப்பாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதே இழையை இழுவலைக்குப் பரிசோதித்திருக்கிறது. அபார வலு. ஆனால் 150 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே சூட்டில் தளரும்.

தகடு வாங்குபவர்கள் அடிக்கடி தவறவிடும் விவரம் ஒன்று உண்டு. தனித்தே தாங்கும் தகடு ஒரு வகை. பின்னால் குறிப்பிட்ட மென்கவசம் இருந்தால் மட்டுமே தாங்கும் தகடு இன்னொரு வகை. இன்டர்செப்டர் தகடு இரண்டாவது வகை. சட்டையைப் பிரித்துத் தகட்டை மட்டும் விற்றால், வாங்கியவர் கையில் இருப்பது பாதிக் கவசம்.

இந்தியாவில் 2018-இல் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17051 என்ற தரத்தை வெளியிட்டது. எந்தத் துப்பாக்கியின் எந்தத் தோட்டாவுக்குத் தாங்க வேண்டும் என்று அது நிலை நிலையாகப் பிரிக்கிறது. உச்சம் 6-ஆம் நிலை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கான்பூர் ஆய்வகம் 2024-இல் அறிவித்த சட்டை அந்த நிலைக்கானது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில் ஹைதராபாதிலுள்ள பொதுத்துறை உலோக நிறுவனமான மிதானி தயாரிக்கும் பாபா கவச்சிலும் போரான் கார்பைடு உண்டு. பழைய சட்டை எதிலும் இந்தத் தரத்தின் முத்திரை இருக்க வழியில்லை.

எப்படிக் கெடுகிறது?

வயதானால் எல்லாம் கெட்டுவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 1970களின் நடுவில் அமெரிக்கக் காவலர்களுக்குச் சோதனை முயற்சியாகக் கொடுத்த கெவ்லர் சட்டைகள் சிலவற்றைப் பத்து ஆண்டுகள் கழித்துச் சுட்டுப் பார்த்தார்கள். வயதினால் மட்டும் வலு குறைந்ததாகத் தெரியவில்லை. வைத்திருந்த விதம்தான் தீர்மானிக்கிறது. அப்படியானால் நம் ஊரில் வைத்திருக்கும் விதம் என்ன?

1. வெயில். அராமிட் இழை புற ஊதாக் கதிரைத் தாங்காது. தங்க மஞ்சளாக இருக்கும் துணி, வெளிச்சம் படப்பட பழுப்பாகும். உறை கிழிந்த சட்டையை மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுவது அதன் ஆயுளை நேரடியாகக் குறைக்கும் வேலை.

2. ஈரம். நனைந்த அராமிட் துணியில் நூல்கள் ஒன்றையொன்று வழுக்கும். உராய்வு குறைவதால் தோட்டா எளிதாக நுழையும். காய்ந்தால் இந்தக் குறை பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் இழையின் மூலக்கூறுத் தொடரே அறுபடும், அது திரும்பாது. ஐப்பசி, கார்த்திகையில் பரணில் இருக்கும் பருத்தித் துணியே பூஞ்சை பிடிக்கிறது. 2011-இன் தானே புயல், 2015 வெள்ளம், 2024-இன் ஃபெஞ்சல் புயல் என்று வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாட்கள் இந்தக் கரையில் குறைவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி எத்தனை முறை நனைந்து தானாகக் காய்ந்தது என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவிருக்காது.

3. உப்பு. எஃகுத் தகடும் தலைக்கவசமும் முதலில் துருவுவது விளிம்பிலும், தையலுக்கு அடியிலும், பட்டை பொருத்திய தறையாணியைச் சுற்றியும். கடற்காற்று படும் வீட்டில் ஜன்னல் கம்பிக்கு ஆகும் கதிதான் இதற்கும். டைட்டானியத்துக்கு மட்டும் கவலையில்லை.

4. சூடு. கத்திரி வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியிலும், நிறுத்திவைத்த கார் டிக்கியிலும் ஏறும் சூடு பாலிஎத்திலீனுக்கு ஆகாது. அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசையும் தளரும்.

5. சலவை. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவம் அராமிட்டை அரித்துவிடும். நைலானுக்கும் அது கெடுதி. பழைய சட்டை நாறுகிறது என்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

6. மடிப்பும் வீழ்ச்சியும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை நலியும். பீங்கான் தகட்டைச் சிமெண்டுத் தரையில் ஒருமுறை போட்டாலே உள்ளே விரிசல் விழலாம். மேலே துணி ஒட்டியிருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ராணுவங்கள் தகடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கின்றன.

தயாரிப்பாளர்கள் அராமிட் சட்டைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு உத்தரவாதம் தருவது இந்தக் காரணங்களையெல்லாம் சேர்த்துத்தான். ஐந்தாண்டு முடிந்த மறுநாள் சட்டை செத்துவிடாது. அதற்குமேல் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று பொருள்.

ஸைலான்: கண்ணுக்குத் தெரியாமல் கெட்டது

இந்த விஷயத்தில் யாரும் கண் பார்வையை நம்பக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானின் டோயோபோ நிறுவனம் 1990களின் இறுதியில் ஸைலான் என்ற இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கெவ்லரைவிட வலுவானது, அதனால் மெல்லிய, லேசான சட்டை செய்யலாம். அமெரிக்கக் காவலர்கள் பலர் விரும்பி அணிந்தார்கள். 2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் அணிந்திருந்த ஸைலான் சட்டையைத் தோட்டா துளைத்தது. தடுக்கும் என்று சான்று பெற்ற தோட்டாவே துளைத்துவிட்டது. அந்தச் சட்டை பழையதுகூட இல்லை.

என்.ஐ.ஜே. உடனே ஆய்வில் இறங்கியது. பயன்பாட்டில் இருந்த 103 ஸைலான் சட்டைகளைச் சுட்டதில் 60 சட்டைகளில் குறைந்தது ஒரு தோட்டாவாவது ஊடுருவியது. ஈரமும் வெளிச்சமும் இழையின் வேதிப் பிணைப்பை அறுத்திருந்தன. வெளியே பார்த்தால் நல்ல சட்டைக்கும் கெட்ட சட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2005 ஆகஸ்டில் ஸைலான் சட்டைகளுக்கான ஏற்பு விலக்கப்பட்டது.

அராமிட் ஸைலானைப் போல் அத்தனை சீக்கிரம் கெடுவதில்லை. ஆனாலும் பழைய சட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது, துணி கிழியவில்லை, தாங்கும் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கத்துக்கு இந்த ஆய்வுக்குப் பிறகு எந்த ஆதாரமும் கிடையாது. உறுதியாகத் தெரிந்துகொள்ளச் சுட்டுப் பார்ப்பதுதான் வழி. சுட்ட சட்டையை யாரும் அணிய முடியாது. ஒரே தொகுதியில் தயாரித்து, ஒரே மாதிரி பராமரித்த நூறு சட்டைகள் இருந்தால் நாலைந்தைச் சுட்டு மீதியைப் பற்றி முடிவு செய்யலாம். டிரங்குப் பெட்டியில் தனியாகக் கிடைத்த சட்டைக்கு அந்த வழியும் இல்லை.

ஏ.டி.எம். காவலாளிக்கும் பணம் ஏற்றும் வண்டியில் போகிறவருக்கும் பழைய சட்டையைக் கொடுத்து அனுப்புவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். வெறும் சட்டையோடு நிற்பவர் ஆபத்து வந்தால் மறைவிடம் தேடுவார். கவசம் இருக்கிறது என்று நம்புபவர் எதிரே நிற்பார். அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர். கொடுத்த சட்டையைச் சந்தேகப்படும் வசதி அவருக்கு இல்லை.

கையில் கிடைத்தால் என்ன செய்வது?

1. முதலில் பெட்டி முழுவதையும் பாருங்கள். தோட்டா, கையெறிகுண்டு, வெடிபொருள் போல் ஏதாவது தென்பட்டால் எதையும் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழையது, வெடிக்காது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

2. சட்டையின் உட்பக்கத்தில் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். மாதிரி, அளவு, ஒப்பந்த எண் ஆகியவை அதில்தான் இருக்கும். மை மங்கிக்கொண்டே போகும். பொருள் என்ன என்று அறிய அறுத்துப் பார்ப்பதைவிட இந்தச் சீட்டு பயனுள்ளது.

3. உறை ஏற்கெனவே கிழிந்திருந்தால் நிறத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். தங்க மஞ்சள் அல்லது பழுப்பேறிய மஞ்சள் துணி அராமிட்; வெள்ளையான, மெழுகு வழவழப்புள்ள தாள் பாலிஎத்திலீன்; விறைப்பான, விளிம்பில் அடுக்கு தெரியும் சதுரத் தகடு கண்ணாடி இழை. அதற்குமேல் கிழிக்க வேண்டாம்.

4. எரிக்காதீர்கள். நைலானும் அராமிட்டும் எரியும்போது சயனைடு வாயு வரும். வினைல் உறை எரிந்தால் அமில வாயு வரும். குப்பையோடு சேர்த்துத் தீ வைப்பது தெருவுக்கே கெடுதி.

5. தகட்டை அறுப்பது, துளையிட்டுச் சுவரில் மாட்டுவது வேண்டாம். கண்ணாடி இழைத் தூசியும் பீங்கான் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

6. குடும்ப நினைவாக வைத்திருக்க விரும்பினால் மடிக்காமல் பரப்பி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி, வெயில் படாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். பரணும் வேண்டாம், கோடையில் வீட்டிலேயே மிகச் சூடான இடம் அது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள். எஃகுத் தலைக்கவசத்தில் துருவை மெல்லத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவினால் போதும். பெயிண்ட் அடித்தால் அடியில் இருக்கும் பழைய வண்ணமும் எண்களும் போய்விடும்.

7. யாருடையது, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டுகள் என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டையோடு வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அடுத்த தலைமுறை அதை விற்றால் பழைய துணி விலைதான் கிடைக்கும். எந்த அருங்காட்சியகமும் அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது.